மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி

எங்கள் விமானிகள் சங்கம் நிர்வாகத்தோடு கூட்டு ஒப்பந்தம் பேசப் போனபோது, எதிர்ப்பக்கம் மனிதவள மேலாளராக உட்கார்ந்திருந்தவர் என் கணவரின் அக்கா. இந்தப் பக்கம் சங்கக் குழுவில் நான். உறவை இரு தரப்புக்கும் முதலிலேயே சொல்லிவிட்டோம். "குடும்பச் சண்டைய இங்க கொண்டுவராம இருந்தா சரி லா," என்று சிரித்தார் சங்கத் தலைவர். கூட்டத்தில் கணவரின் அக்கா எனக்கு மேடம். நான் அவருக்குக் கேப்டன். தம்போயில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் அவர் அண்ணி. நான் மீன் குழம்பில் புளியைக் குறைத்துப் போடுகிறவள்.

மற்ற விஷயங்கள் ஓரளவு நகர்ந்தன. ஓய்வு நாள்தான் இழுத்துக்கொண்டு நின்றது. மாத அட்டவணையில் ஓய்வு என்று போட்டிருப்பார்கள். ஆள் குறைந்தால் அன்று காலையிலேயே போன் வரும், போயாக வேண்டும். சம்மதம் இல்லாமல் எங்களை இழுக்கக் கூடாது என்றோம்.

"எப்பவாவது ஒரு தடவைதானே கூப்பிடுறோம், கேப்டன்," என்றார் அண்ணி.

"அது எப்பன்னு தெரியாததுதான் பிரச்சினை, மேடம்," என்றேன்.

அதோடு கூட்டம் கலைந்தது.

அந்த வாரக் கடைசியில் மூவாரில் அண்ணி மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்று எனக்கு ஓய்வு நாள். தாய்மாமன் மனைவி என்பதால் பெண்ணுக்கு மாலை போட்டு அழைத்து வர வேண்டியவள் நான். பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"யாரு?" என்றார் அண்ணி, தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டே.

"உங்க ஆபீஸ்தான்."

"எடுக்காத."

"எடுக்கலன்னா திங்கக்கிழமை விளக்கம் கேட்டு நீங்கதான் லெட்டர் அனுப்புவீங்க, அண்ணி."

எடுத்தேன். சக விமானி ஒருவருக்குக் காய்ச்சல். சாயங்காலம் கூச்சிங் போகும் விமானத்தை நான் ஓட்ட வேண்டும். அண்ணி போனுக்குக் கை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார்.

"நான் பேசினா உனக்கு மட்டும் சலுகைன்னு ஆயிடும். கிளம்பும்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

பாதி அலங்காரத்தில் பெண் ஓடி வந்தாள். "மாமி, மாலைய இப்பவே போட்டுட்டுப் போங்க." மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் போட்டேன். படம் எடுத்துக்கொண்டோம். மாலையைக் கழற்றி மறுபடியும் பெட்டியில் வைத்தாள். அண்ணி ஒரு டப்பாவில் கேசரி கட்டிக் கொடுத்தார். கணவரை அங்கேயே விட்டுவிட்டு, கோபத்தோடு காரை எடுத்தேன். வழியில் யோங் பெங் அருகே நிறுத்திக் கேசரியைச் சாப்பிட்டேன். நெய் தாராளமாக விட்டிருந்தார்கள், கோபம் பாதியாகிவிட்டது. அன்றைய பயணமும் நல்லபடியாகவே முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் அண்ணி நிச்சயதார்த்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிர்வாகத்தின் புதிய யோசனையைச் சொன்னார். ஓய்வு நாளில் கூப்பிடலாம். முடியாது என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். வந்தால் அதே மாதத்தில் வேறொரு நாள் ஓய்வு. பக்கத்தில் இருந்த, எங்களுக்கு அட்டவணை போடும் இயக்கப் பிரிவின் தலைவர் புளியங்காயைக் கடித்தவர்போல உட்கார்ந்திருந்தார். ஆனால் தலையாட்டினார்.

அண்ணி அதைச் சும்மா தரவில்லை. அடைமழை மாதங்களில் அவசரத்துக்கு வரத் தயாராக இருப்பவர்கள் யார் யார் என்று நாங்களே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். வெளியூரில் தங்கும்போது காலைச் சாப்பாட்டுக்குப் படிப்பணம் கேட்டிருந்தோம். அதையும் விட்டுவிடச் சொன்னார். எங்கள் தலைவர் முறைத்தார், நான் வாதாடினேன், கடைசியில் ஒத்துக்கொண்டோம். சங்கக் கூட்டத்தில், சாப்பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டீர்களே என்று மூத்த கேப்டன்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் பெரும்பாலான கைகள் உயர்ந்தன.

கையெழுத்தான பிறகு கார் நிறுத்துமிடத்தில் அண்ணியிடம் கேட்டேன். "இயக்கப் பிரிவுத் தலைவர எப்படிச் சம்மதிக்க வெச்சீங்க?"

"அத உன்கிட்ட சொல்வேனா?" என்று கார் கதவைத் திறந்தார். "அடுத்த ஒப்பந்தத்துக்கும் நீதான் எதிர்ல வந்து உக்காருவ."