நாற்பது பேருக்கு ஓர் அட்டை

பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரே நிற்பவரின் காலரைப் பிடித்து, தொங்குகிற நூலை 'டக்'கென்று வெட்டிவிடுவாள். கேட்டுவிட்டு வெட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. சட்டைக் கம்பெனியின் செக்கிங் மேசைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கட்டைவிரலில் மாட்டிய அந்தக் குட்டிக் கத்தரிக்கு முதலாளி, தொழிலாளி என்ற பேதம் தெரியாது. சரக்கு வாங்க வந்த பெரிய மனிதர் ஒருவரின் கோட்டிலிருந்து ஒருமுறை நூலை வெட்டிக் கையில் கொடுத்தாள். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கீங்க. நம்ம மேசைக்கு வந்திருந்தா இது ஆல்டர்தான், திருப்பி அனுப்பியிருப்பேன்." அவருக்கு மொழி புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாடியிலும் அவளுக்குக் கத்தரி அக்கா என்றுதான் பெயர். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கையில் புரளும். பிழை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் அது ஆல்டர். தைத்தவளிடமே திரும்பிப் போகும். வீட்டிலும் இதே கண்தான். லாரி ஓட்டும் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டு வந்து நின்றால், காதுக்குக் கீழே விரலை நீட்டி, "இங்க விட்டுப்போச்சு" என்பாள். மனுஷன் மறுபடி கண்ணாடி முன்னால் போய் நிற்பார்.

ஆனால் அந்தக் கண் பார்க்காமல் விட்ட பிழை ஒன்று இருந்தது. ஒரு தையல் லைனுக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேருக்குக் கழிப்பறை அட்டை ஒன்று. சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஐந்து நிமிஷம் தாண்டினால் சூப்பர்வைசர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அதனால் அவருக்குப் பெயர் கடிகாரம். பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் சமாளித்துக்கொள்வார்கள். அக்காவும் அப்படித்தான். அது உடம்போடு ஒட்டிப்போன பழக்கம்.

இப்படி இருக்கையில்தான் கம்பெனிக்கு 'பெண்களுக்கு அதிகாரமளித்தல்' வந்தது. காய்ச்சல் வருகிற மாதிரிதான் வந்தது. வெளியே எங்கேயோ பரவி, சரக்கு வாங்குகிறவர்கள் வழியாக உள்ளே நுழைந்தது. ஊதா நிறத்தில் பேனர் கட்டினார்கள். பருத்திப் புடவையும் பெரிய பொட்டுமாக ஒரு பயிற்சியம்மா வந்தார். "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. உங்களுக்குள்ள இருக்கிற சிங்கத்தைப் பாருங்க" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். அக்காவிடம் கேட்டபோது, "தூங்குது மேடம். பாவம், எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன்" என்றாள்.

அடுத்த கேள்வி: "அதிகாரம்னா உங்களுக்கு என்ன?" ஒருத்தி தன்னம்பிக்கை என்றாள், கைதட்டல். இன்னொருத்தி தைரியம் என்றாள், அதற்கும் கைதட்டல்.

"அட்டை இல்லாம ஒண்ணுக்குப் போறது" என்றாள் கத்தரி அக்கா.

யாரும் கைதட்டவில்லை. பயிற்சியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது நிர்வாக விஷயம்மா. நாம மனசுல இருக்கிற பூட்டைத் திறக்கப் பார்க்கிறோம்."

"மனசுல பூட்டு இல்லீங்க. கக்கூஸ்லதான் இருக்கு."

அந்த வாய்க்காகத்தான் அவளைத் தொழிலாளர் கமிட்டிக்குத் தலைவி ஆக்கினார்கள். பதவியைப் போட்டால் வாய் நிறைந்துவிடும் என்று மேனேஜர் நினைத்தார். நெஞ்சில் குத்த பேட்ஜ், சுவரில் மாட்ட போட்டோ, கூட்டத்தில் உட்காரக் கைவைத்த நாற்காலி. முதல் கூட்டம் தொடங்கும் முன்பே கூட்டக் குறிப்பு டைப்பாகி, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. அவள் அதைச் சட்டையைப் பார்ப்பது போலவே பார்த்தாள். 'அனைவரும் முழுத் திருப்தி தெரிவித்தனர்' என்ற வரிக்கு ஒரு சிவப்பு அம்பு. 'கழிப்பறைக்குத் தடையின்றிச் செல்கின்றனர்' என்ற வரிக்கு இரண்டு. தாளை மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

"ஆல்டர் சார்."

மேனேஜர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "அப்புறம் நீங்க எதுக்கும்மா தலைவி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். கையெழுத்துக்கு மட்டும்தான்னா ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சுக்குங்க. அது டீ கூடக் கேக்காது."

அன்று மாலையே பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் பதினோரு மணி. காலர் தைக்கும் பெண்ணுக்கு ஏழு மாதம். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஒரு வாரம் படுத்து எழுந்து வந்திருந்தாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி டாக்டர் திட்டியிருந்தார், குடித்திருந்தாள். ஆணியில் அட்டை இல்லை. மிஷினை நிறுத்திவிட்டு, முழங்கால்களை இறுக்கிக்கொண்டு, ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள காலரையெல்லாம் பிடித்து இழுத்தவள், பதினெட்டு வருஷமாக அந்த ஆணியைக் கடந்துதான் போய்வந்திருக்கிறாள். பயிற்சியம்மா மேல் வந்ததைவிடப் பெரிய இளப்பம் இப்போது தன் மேலேயே வந்தது. எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "வா."

"அட்டை?" என்றார் கடிகாரம்.

"அது போயிருக்கு. நாங்களும் போறோம்."

"தலைவின்னா என்ன வேணா பண்ணலாமா?"

"தலைவி நேத்தோட போயாச்சு சார். இது ஒண்ணுக்கு வந்தவ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்கு வீட்டு நினைப்பு வந்தது. வேலை போனால் லாரிக்காரரின் வருமானத்தில் குடும்பம் நொண்டும். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். யார் கையிலும் அட்டை இல்லை. ஒருத்தி, "நகருங்கக்கா, அவசரம்" என்றாள்.

கடிகாரம் பெயர்களை எழுத ஆரம்பித்தார். அன்று பதினொன்று, மறுநாள் இருபத்தாறு. மூன்றாம் நாள் நாற்பதும் எழுதி முடித்த பிறகுதான், தான் எழுதியது வருகைப் பதிவேடு என்பது அவருக்குப் புரிந்தது. மேனேஜர் வந்து கத்தினார். சரக்கு கப்பல் ஏற வேண்டிய வாரம். ஒரு முழு லைனை வெளியே அனுப்ப முடியாது. நாலாம் நாள் காலையில் ஆணியைக் காணோம். அறிவிப்பு எதுவும் இல்லை. அக்காவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேல் மாடிகளில் இன்னும் அட்டை தொங்குகிறது, அங்கிருந்து யாராவது படியிறங்கி வந்து விசாரித்தால், "கால் உனக்குத்தானே இருக்கு? நானா வந்து தூக்கிட்டுப் போகணும்?" என்று அக்கா எரிந்துவிழுவாள்.

அடுத்த மாதம் பயிற்சியம்மா கேமராவோடு வந்தார். கம்பெனியின் ஆண்டு மலருக்குப் படம் வேண்டுமாம். முற்றத்தில் சாப்பாட்டு நேரம். 'என் குரல், என் வலிமை' என்று எழுதிய பெரிய பதாகையை அக்காவிடம் கொடுத்தார். "இதைப் பிடிச்சுக்கிட்டு, கம்பெனி எனக்கு அதிகாரம் கொடுத்துச்சுன்னு ஒரே ஒரு வரி சொல்லுங்க. சிரிச்ச முகமா."

கத்தரி அக்கா பதாகையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். விரலால் சுண்டிப் பார்த்தாள், நல்ல கெட்டி. கேமரா தயாரானது. அவள் எழுத்துப் பக்கம் கீழே போகும்படி அதைச் சிமெண்டுத் தரையில் விரித்து, காலர் தைக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"தரை சுடுது. இதுல உக்காந்து சாப்பிடு."