மைமூனுக்குப் புரிந்த அரபு

திருவனந்தபுரம் மணக்காட்டில் மைமூன் பீவி குர்ஆன் ஓதத் தொடங்கினால் பக்கத்து வீட்டுப் பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அப்படி ஒரு குரல். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். ஓத மட்டும் அரபு.

தொண்ணூற்றாறில் அடுத்த வீட்டு சல்மாவுக்கு வளைகுடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே சாமான்களுக்கு இடையில் ஓர் அரபுக் காகிதம்.

"இத்தா, ஏதோ துஆ போல. ஒண்ணு ஓதித் தாங்க."

குர்ஆனில் இருப்பதுபோல் உயிர்க்குறி இல்லாத அச்சு. மைமூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டுத்தடுமாறினாலும் ராகம் விடாமல் ஓதி முடித்தாள். பிரார்த்தனை முடிந்ததென்று பெண்கள் ஆமீன் சொன்னார்கள்.

மாடியில் குடியிருந்த பிந்து டீச்சர் அப்போதுதான் இறங்கி வந்தாள். பாறசாலைக்காரி, இந்து, அரசுப் பள்ளியில் அரபு ஆசிரியை. காகிதத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள்.

"இத்தா, இது வாஷிங் மெஷினுக்க காகிதமாக்கும். துணி போடதுக்கு முன்ன பாக்கெட்டப் பாக்கணும்னு எழுதியிருக்கு."

எல்லோரையும்விட அதிகம் சிரித்தது மைமூன்தான். ஆனால் மறுநாள் மாலை ஒரு தட்டு அரிசிப் பத்திரியோடு மாடியேறினாள்.

"டீச்சரே, எனக்கு அர்த்தம் படிக்கணும். சிரிக்கப்படாது."

"நான் எதுக்குச் சிரிக்கேன்? நான் அரபு காலேஜில சேர்ந்தப்ப ஊரே சிரிச்சுது."

தினமும் அரைமணி நேரம் படித்தாள். ஒருநாள் தொழுகையில், 'எங்களுக்கு நேரான வழியைக் காட்டு' என்றுதான் இத்தனை வருஷமும் கேட்டு வந்திருக்கிறோம் என்று சட்டென்று புரிந்தது. அடுத்த வரியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஓதினாள்.

நாலு வருஷம் கழித்துத் தம்பி மாகீன் வளைகுடா வேலை ஒப்பந்தத்தோடு வந்தான். மைமூன் வலப்பக்கத்து அரபை விரல் வைத்துப் படித்தாள்.

"மாகீனே, இங்கிலீஷில டிரைவர். அரபியில பண்ணைக் கூலியாள். அங்க எது செல்லும்?"

"அரபிதான் செல்லும்" என்று எழுந்தான் மாகீன். இருவரும் நேரே தம்பானூரிலிருந்த விசா ஏஜண்டிடம் போனார்கள். மைமூன் வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்னாள்.

"அது அச்சுப்பிழை" என்றார் அவர்.

"அப்ப திருத்தித் தாங்க."

அவர் திருத்தவில்லை. மாகீன் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஆறு மாதத்தில் வேறு விசா வந்தது. மைமூன் அதை இரண்டுமுறை படித்தபிறகே சரி என்றாள். கிளம்புமுன் அவனுக்குப் பத்துப் பதினைந்து அரபு வாக்கியங்களையும் சொல்லிக் கொடுத்தாள்.

போன முதல் வாரமே ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது.

"இத்தா, டிரைவர் வேலைதான். ஆனா நீங்க சொல்லித் தந்த அரபி ஒருத்தனுக்கும் புரியல. அது புத்தக அரபியாம், இவங்க பேச்சே வேற!"

"அப்படியா?" என்றாள் மைமூன் ஆவலோடு. "அதையும் படிச்சு எனக்குச் சொல்லு."