கண்ணாடிப் பெட்டிக்குள் மாமாவின் கொக்கி

கொழும்பில், வெள்ளவத்தைக் கால்வாயோரம் ஒரு சின்ன நூதனசாலை திறந்தார்கள். இந்தப் பக்கத்துக்கு எந்தெந்தச் சனம் வந்து சேர்ந்தது, என்னென்ன வேலை செய்தது என்று காட்டுவதற்காம். எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு பழைய பொருள் கேட்டார்கள். அது யாருடையது என்று ஒரு அட்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது பதினொரு வயது. பெருமை என்றால் உயிர்.

அப்பா யாழ்ப்பாணத்து உத்தியோகக்காரர். அவர் கொழும்புக்குக் கொண்டுவந்த ஒரே சூட்கேசில் பழசு ஒன்றும் இல்லை. அம்மா துறைமுகப் பக்கத்து முகத்துவாரத்துக்காரி. அவவின் அண்ணன், என் மாமா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஞாயிறு பூசை முடிந்ததும் மீனோடு வருவார். கூடத்துப் பிரம்புக் கதிரையில் காலை மடித்து இருந்துகொண்டு ஊர்ப்பட்ட கதை கதைப்பார். அந்த நேரம் பார்த்துத் தோழிகள் யாரும் வந்துவிடக் கூடாதே என்று நான் கும்பிடாத சாமியில்லை.

மாமாதான் தன் கொக்கியைத் தந்தார். மூட்டையைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி; மரப்பிடி அவர் கை பட்டுப் பட்டு வழுவழுத்துப் போயிருந்தது.

"என்ட பேரும் போடுவாங்களா புள்ள?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன்.

வகுப்பில் ஒருத்தி தாத்தாவின் சங்கிலிக் கடிகாரத்தை வைத்தாள். இன்னொருத்தி வெள்ளிச் செம்பு. என் முறை வந்ததும் அட்டையில், 'எங்கள் வீட்டு வேலையாளின் கொக்கி' என்று எழுதினேன். வடிவான கையெழுத்து வேறு! சீ, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு வகுப்போடு போயிருந்தோம். மாமாவும் வருவார் என்று யார் கண்டது? மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு வந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"இது என்ட சாமான் மேடம்" என்று பொறுப்பாக நின்ற பெண்ணிடம் சொன்னார். அவளுக்கு ஒரே சந்தோசம். அட்டையையும் அதன் அடியில் இருந்த என் பேரையும் உரக்க வாசித்தாள். பிறகு என்னைக் காட்டி, "அப்ப நீங்கள் இவையின்ட வீட்டில வேலை செய்தனீங்களோ?" என்று அவரைக் கேட்டாள். தோழிகள் எல்லாரும் திரும்பினார்கள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"ஓம் மேடம்" என்றார். "நல்ல ஆக்கள்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாமா எப்படிச் சமாளித்துவிட்டார், என்ன கெட்டிக்காரன் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அம்மாவிடம் இதை அவர் சொல்லவேயில்லை.

அடுத்த ஞாயிறும் மீனோடு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படித்தான். உள்ளே வந்து இருக்கச் சொல்லி அம்மா கெஞ்சுவா. அவருக்கு பஸ் பிடிக்கிற அவசரமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.