இணையதளத்தில் கட்டிய மாவிலைத் தோரணம்

அக்கா செகந்திராபாத் மாரெட்பள்ளியில் சின்னதாக ஒரு மழலையர் பள்ளி தொடங்கினாள். பல வருஷம் டீச்சராக இருந்த பள்ளியில் ஒரு மாத விடுப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். விஜயதசமிக்குள் பிள்ளைகள் சேர்ந்தால் இது, இல்லாவிட்டால் பழையபடி அது. எங்கள் வீடுகளில் குழந்தையை முதன்முதலாக அரிசியில் எழுத வைப்பது விஜயதசமி அன்றுதான். அந்த நாளைத் தவறவிட்டால் அப்புறம் யாரும் சேர்க்க வரமாட்டார்கள்.

பள்ளிக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் நான். ஊரின் மறுகோடியில், கொண்டாப்பூர் கம்பெனியில் எனக்குச் சம்பளமே மற்றவர்கள் செய்த இணையதளங்களில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான். ஆறு பிரவுசரில் திறந்து பார்க்காமல் ஒரு பக்கத்தையும் வெளியே விடமாட்டேன். அக்காவுடையதை என் போனில் மட்டும் பார்த்தேன். வீட்டு வேலைதானே என்ற அலட்சியம், வேறென்ன?

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால், அவள் கேட்காமலேயே, பக்கத்தின் உச்சியில் ஒரு மாவிலைத் தோரணம் கட்டினேன். படம்தான். நடுநடுவே சாமந்தி வைத்து அழகாகத்தான் இருந்தது. அன்றே அக்கா எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் முகவரியை அனுப்பினாள்.

ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்தபடி மேஜைக்கடியில் பார்ப்பேன். பஸ்ஸில் பார்ப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் இடது கை தானாகப் போனைத் தேடும். எத்தனை முறை பார்த்தாலும் பூஜ்யம்.

"இன்னிக்கும் ஒண்ணும் வரலயேடா. லிங்க் ஏதும் கெட்டுப்போச்சா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"என்கிட்ட நல்லா ஓடுதுக்கா. நீ சரியா விளம்பரம் பண்ணலை. நாலு வீட்டுக்கு நேர்ல போய்ச் சொல்லு."

அலுவலகத்தில் எவனாவது "என்கிட்ட ஓடுது" என்றால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அதே வார்த்தையை அக்காவிடம் மூன்று நாள் சொன்னேன். அவளும் நம்பி, வெயிலில் வீடு வீடாக அலைந்தாள்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் இருப்புக்கொள்ளாமல் செகந்திராபாத்துக்குக் கிளம்பிப் போனேன். பள்ளி வாசலில் ஒரு பெண் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எந்த நொக்கினா ராவட்லேது மேடம்!" என்றாள் தெலுங்கில்.

எத்தனை முறை அமுக்கினாலும் வரவில்லையாம். மூன்று நாளாக முயன்றிருக்கிறாள். சேர்க்கை இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம்.

போனை வாங்கி அமுக்கினேன். 'சேர்க்கை' திறக்கவில்லை. 'தொடர்புக்கு' திறக்கவில்லை. என் போனில் இரண்டும் திறந்தன. அவள் போனில் இருந்தது வாங்கும்போதே கூட வரும் பிரவுசர். நான் சோதிக்காமல் விட்டது. எரிச்சலில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன். 'படத்தைச் சேமிக்கவா?' என்று கேட்டது.

எந்தப் படம்? லிங்கைத்தானே அழுத்தினேன்?

தோரணம்! அந்தப் படத்தின் மேல்பாதியில்தான் இலை. கீழ்ப்பாதி வெறுமை, கண்ணுக்குத் தெரியாது. அது கண்ணாடி மாதிரி லிங்குகளின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் அதைத் தாண்டிப் போகட்டும் என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். என் பிரவுசர் அதை மதித்தது, அவளுடையது மதிக்கவில்லை. அந்தத் தெருக்களில் பாதிக்கு மேல் அதே போன்தான்.

அங்கேயே நின்று தோரணத்தைக் கழற்றினேன். அவள் அமுக்கினாள், திறந்தது. எல்லாக் குழுக்களிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வேறு இடத்தில் சேர்த்துவிட்டோம் என்று சிலர் பதில் போட்டார்கள். மற்றவர்கள் அதுவும் போடவில்லை.

மறுநாள் காலை அக்கா பத்துத் தட்டுகளில் அரிசி பரப்பி வைத்திருந்தாள். வந்தது அந்த ஒரு பெண்குழந்தை. எழுதி முடித்து, சர்க்கரைப் பொங்கலை வாயெல்லாம் பூசிக்கொண்டு போனது. அக்கா மீதி ஒன்பது தட்டு அரிசியையும் ஒவ்வொன்றாக டப்பாவில் கொட்டினாள். நான் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எல்லாம் என்னாலதான்க்கா. பழைய ஸ்கூலுக்கே போயிடறியா?"

"நக்கோ, போகமாட்டேன். இன்னிக்கு ஒருத்தி வந்து எழுதிட்டுப் போயிருக்கா. திங்கட்கிழமை அவ வந்து நின்னா கதவைத் திறக்கிறது யாருடா?"

திட்டியிருக்கலாம். அவள் திட்டவில்லை. வாசலில் நின்ற பெண் வைத்திருந்த அதே கம்பெனியின் பழைய போன் ஒன்று அக்காவின் மேஜை டிராயரிலேயே கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கொண்டாப்பூர் வரை பஸ்ஸில் 'சேர்க்கை'யை அமுக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் திறந்தது.