அக்கா விளைவித்த வயல்

கீழப்பாவூரில் எங்கள் வீட்டின் மூத்த மகளாகப் பிறந்து, தென்காசியில் வாழ்க்கைப்பட்டு, இளவயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீடு திரும்பிய அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. 'பொறுமையின் வடிவம்' என்று எழுதும்படி உறவினர்கள் சொன்னார்கள். எழுதப் போவதில்லை. அந்தப் பொறுமையைச் சோதித்தவர்கள் நாம்தான்.

அப்பா கண்மூடுமுன் வாய்க்கால் ஓரத்து வயல் அக்காவுக்கு என்று வாயால் சொன்னார். பட்டா என் பெயருக்கு வந்தது.

குற்றாலத்தில் சாரல் பிடித்துச் சிற்றாற்றில் தண்ணீர் வந்த ஒரு கார் பருவத்தில், புது விவசாய முறை சொல்லிக்கொடுக்க அரசு அனுப்பிய கிராம சேவகர் காட்டிக்கொடுத்தபடி அக்கா கயிறு பிடித்து, இடைவெளி விட்டு, வரிசையாக நாற்று நட்டார்கள். சீமை உரமும் போட்டார்கள். வெள்ளைச் சேலைக்காரி சேற்றில் இறங்கியதே பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வயல் மொட்டையாகக் கிடக்கிறது என்று ஊர்கூட்டிச் சிரித்தார். நாற்று வேர்பிடிக்குமுன் ஆள்விட்டு மடையை அடைத்தார். அக்கா நடவுப் பெண்களோடு போய் மடையைத் திறந்துவிட்டு, மறுபடி யாரும் அடைக்காதபடி வாய்க்காலிலேயே நின்றார்கள். அழைத்துவரப் பெரியப்பா என்னை அனுப்பினார். குடும்ப மானம் போகிறது, வீட்டுக்கு வா என்றேன்.

"ஒம் பயிரு காஞ்சா இப்படித்தான் மானம் பாத்துக்கிட்டு நிப்பியாலே?" என்றார்கள். வயலில் தண்ணீர் ஏறும்வரை நகரவில்லை.

அந்த அறுப்பில் கண்ட விளைச்சலை எங்கள் பக்கம் அதுவரை யாரும் கண்டதில்லை. சிரித்தவர்கள் விதைநெல் கேட்டு வந்தார்கள். முதலில் வந்தவர் பெரியப்பா. அக்கா இல்லையென்று சொல்லவில்லை. வாங்கிப்போன அவரோ, பொம்பளைக்கு என்ன தெரியும், எல்லாம் தண்ணீர் செய்த வேலை என்று சொல்லித் திரிந்தார்.

தென்காசியில் விளைச்சல் போட்டிப் பரிசு கொடுத்தபோது, பட்டாதாரர் என்று என் பெயரை வாசித்தார்கள். பின்வரிசையில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"போய் வாங்கிக்கலே. வயலை மட்டும் எங்கிட்டேருந்து வாங்கிராத."

மாலை போட்டார்கள். மைக்கில் பேசினேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பிசானப் பருவ நடவுக்குள், பெரியப்பா பேச்சைக் கேட்டு, வயலையும் வாங்கிக்கொண்டேன். அதன்பின் அக்கா பாவூர்சத்திரம் வரை கூலிக்குப் போய், பிறர் வயல்களில் வரிசை நடவு சொல்லிக்கொடுத்தார்கள். என் வரப்பில் கால் வைக்கவில்லை. கடைசியில் காய்ச்சலோடு படுத்ததும் ஒரு நடவுப் பெண்ணின் வீட்டில்தான். நான் போய் அழைத்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, கடைசிவரை அருகிலிருந்த நடவுப் பெண்களுக்கு நன்றி. பரிசு அக்காவுக்கே உரியது என்று மேலதிகாரிகளுக்கு எழுதி, அதற்காகவே மாற்றலாகிப் போன கிராம சேவகருக்கும் நன்றி. உறவினர் எவருக்கும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்றைய பந்திச் சோறு அந்த வயலின் நெல். அக்கா உயிரோடிருந்தபோது அதில் ஒரு படி அரிசிகூட நான் அனுப்பியதில்லை. நீங்கள் யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.