நடுவில் விழுந்த ஆமென்

எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்த நாட்களில்தான் ஜெபம் ரொம்ப சுவாரஸ்யமாக இருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்போது குடியிருந்தோம். அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க். தம்பியும் தன்னைப் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று, தானே புத்தகம் வாங்கிக் கொடுத்து, தானே விண்ணப்பம் போட்டு, சித்தப்பாவைப் பரீட்சைக்கு அனுப்பினார். சித்தப்பா பரீட்சை ஹாலுக்குப் போகாமல் செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். "மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிறவுங்க அதத் தட்டுக்கு அப்பால எறக்கி வச்சிட்டு வாங்க" என்பாள். கண்ணை மூடி ஆளுக்கொரு ஸ்தோத்திரம். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. கடைசியாக அப்பா ஜெபித்து ஆமென் சொன்ன பிறகுதான் சோற்றில் கை.

இதில் ஒரு வசதி இருப்பதை அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"ஆண்டவரே, பரீட்சைக்குப் போகாம ஏமாத்துன பிள்ளைங்களுக்கும் வேளாவேளைக்குச் சோறு போடுறீரே, உம்முடைய பொறுமைக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

பதிலுக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். சித்தப்பா காத்திருந்தார்.

"கர்த்தாவே, எல்லாரையும் கிளார்க்காவே படைச்சிடாம, அவுங்க செல்போன் கெட்டுப்போனா சரிபண்ணவும் ஒருத்தனப் படைச்சீரே, அதுக்காக ஸ்தோத்திரம்."

எனக்குச் சிரிப்புத் தாங்காது. அம்மா கண்ணைத் திறக்காமலே என் தொடையைச் சரியாகக் கண்டுபிடித்துக் கிள்ளுவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது சித்தப்பாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க ரூமும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அம்மாவின் ஸ்தோத்திரம் வேண்டுதலாக மாறிவிட்டது. "ஆண்டவரே, பேசாமப் போனா அப்படியே விட்டுப்போயிடும். விட்டுவிடாதேயும்." எது விட்டுப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சங்கரா மீன் குழம்பு. வயிற்றில் முட்டைச் சினை வேறு இருந்தது. நான் கண்ணை மூடினேனே தவிர, மூக்கு முழுக்கச் சட்டியில்தான். எங்கள் முறையெல்லாம் முடிந்து அப்பா ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, நாளைக்கு வண்டி ஏறுற பிள்ளையோட கூடப் போம். ஜன்னல் சீட்டு இல்லன்னா அவனுக்குக் குமட்டும், ஒரு ஜன்னல் சீட்டு குடும். மெஸ்ல காரம் ஜாஸ்தி போடுவாங்க, அவன் வயித்துக்கு ஆவாது, அதையும் பாத்துக்கும். சின்னதுல அவனுக்கு அம்மை போட்டப்ப..."

அப்பா 'அம்மை போட்டப்ப, அம்மை போட்டப்ப' என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இவர் எப்போது முடிப்பது? நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்:

"ஆமென்!"

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். ஆமென் விழுந்துவிட்டால் ஜெபம் முடிந்தது. திரும்பக் கண்ணை மூடிக்கொள்ள யாருக்கும் வழியில்லை. அப்பா பாதியில் கரண்ட் போன ரேடியோ மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா அவரையே பார்த்தார். "அண்ணே, அம்மை போட்டப்ப என்ன?"

அப்பா தட்டைப் பார்த்தபடி, "கஞ்சி குடிக்கமாட்டேன்னு அழுவ. நான்தான் ஊட்டி வுடுவேன்" என்றார்.

"எனக்கு ஞாபகமே இல்லியே."

"ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது? மீன் தலைய எடுத்துக்கோடா, ஆறிடப்போவுது."

ஜெபத்தைக் கெடுத்ததற்கு என் தலையில் கொட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மாவின் கை வந்தது. அதில் கரண்டி இருந்தது. எப்போதும் அப்பாவுக்குப் போகும் சினையை முழுசாக என் தட்டில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகைதான் காரணம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

அடுத்த வாரம் போதகர் சாப்பிட வந்து நீளமாக ஜெபித்தபோது, நானே தைரியமாக நடுவில் ஆமென் போட்டேன். அன்றைக்கும் மீன்தான். ஆனால் கொட்டுதான் கிடைத்தது. அதே வீடு, அதே பாய், அதே ஆமென். ஒரு நாள் சினையும் ஒரு நாள் கொட்டும் எந்தக் கணக்கில் என்று வெகுநாள் எனக்குப் புரியவே இல்லை.