கோச்சியில் வந்த பிள்ளை

தொண்ணூற்றிரண்டில் எனக்குக் கணிதம் படிப்பித்த சேருக்கு, பட்டை பட்டையாய் உயர்த்திக் கீறும் சலாகை வரைபு என்றால் உயிர். அதற்குள் போகும் தரவு எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது. கல்விக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று கக்கூஸுக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு எதில் வருகிறார்கள் என்று வரைபு கீறும் வேலை என் தலையில் விழுந்தது. என் எழுத்து வடிவாம்.

நானும் பெரிய அரிச்சந்திரன் மாதிரி இடைவேளையில் மற்ற முப்பத்தேழு பேரையும் மறித்துக் கேட்டேன். என்னோடு முப்பத்தெட்டு. ஆளுக்கொரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. சைக்கிளுக்கு நேரே ஏழு கட்டும் ஒரு கோடும் சேர்ந்தன. நடைக்கு இரண்டு கோடு. பஸ்ஸும் கோச்சியும் வெறுமையாகக் கிடந்தன. கிடக்காமல்? சண்டையால் எரிபொருள் தடைப்பட்ட ஊரில் பஸ்ஸைக் கண்டால் கும்பிடலாம் போலிருக்கும். கோச்சி, அதுதான் ரயில், நின்று இரண்டு வருஷம். சுன்னாகத்துத் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன. கோச்சி ஆசைப்பட்டாலும் வந்திருக்க முடியாது.

கீறியதைச் சேரிடம் நீட்டினேன்.

"உதென்ன பிள்ளை? சலாகை வரைபோ, தந்திக்கம்பமோ?"

"எல்லாரும் சைக்கிள்தானே, சேர்."

"புத்தகத்திலை எத்தினை சலாகை கிடக்கு?"

"நாலு."

"அப்ப நாலும் வேணும். ஏற்ற இறக்கம் வேணும். பார்க்கிறவைக்குக் கண் நிறைய வேணும். உமக்குத் தரவு சேகரிக்கத் தெரியேல்லை."

கொழும்பில் அச்சடித்த புத்தகத்தில் பிள்ளைகள் பஸ்ஸிலும் கோச்சியிலும் சிரித்துக்கொண்டு போனார்கள். பிழை எங்கள் ஊரில்தான் என்று எனக்கும் விளங்கியது. பஸ் பதினாலு, கோச்சி பதினொன்று, சைக்கிள் ஒன்பது, நடை நாலு என்று பிரித்தேன். கூட்டினால் முப்பத்தெட்டு வந்தது. சேருக்கு அதுவும் போதவில்லை. அதிகாரி ஆதாரம் கேட்பார், பெயர்ப்பட்டியலும் இணைத்துவிடு என்றார். பொய்க்கும் ஒரு ஒழுங்குமுறை இருக்கிறதல்லவா.

கலர்ப் பென்சில் கிடைக்காத காலம். பஸ்ஸுக்கு மஞ்சள் பூசினேன், நடைக்கு அவரை இலையைத் தேய்த்தேன், கோச்சிக்குச் செம்பரத்தம்பூ. சைக்கிளுக்கு மிஞ்சியது அடுப்புக்கரி. அந்த அவலட்சணமான சலாகைக்குள் எனக்குப் பிடிக்காத ஒன்பது பேரையும் பொறுக்கிப் போட்டேன். முதற்பெயர், என் பின்னலை வாங்குப் பலகையோடு கட்டிவிட்டுச் சிரித்தவளுடையது. என்னை எதில் போடுவது என்று யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் ஒருமுறை கோச்சியில் யன்னலோரம் இருந்து கொழும்புக்குப் போயிருக்கிறேன். அந்த ஆசை விடவில்லை. கோச்சிப் பட்டியலின் உச்சியில் என் பெயரை எழுதினேன்.

உண்மையில் நான் சண்டிலிப்பாயிலிருந்து மூன்று மைல் மிதித்து வருகிறவள். சைக்கிளின் பின் ரயர் தேய்ந்து நூல் தெரிந்தது. உள்ளே பழைய ரயர்த் துண்டு வைத்து, வெளியே ரியூப் வாரால் சுற்றிக் கட்டியிருந்தோம். சில்லு ஒருதரம் சுற்றினால் ஒருதரம் தூக்கிப்போடும். ரயர் கடைகளில் இல்லை. "உது வெடிச்சால் நீ வீட்டிலை நில். மூண்டு மைல் தனிய நடக்க விடமாட்டன்" என்று அப்பா சொல்லிவிட்டார். ஒவ்வொரு காலையும் அந்த ரயரைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறுவேன். படிப்பு நின்றுவிடும் என்று எனக்கு மெய்யாகவே பயமாக இருந்தது.

கண்காட்சியில் அதிகாரி என் வரைபின் முன் நின்று தலையாட்டினார். "நல்ல தெளிவு" என்றார். சேர் ஒரு அங்குலம் வளர்ந்தார். வரைபையும் பட்டியலையும் கந்தோருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு முதற்பரிசாகக் கோடு கீறும் அடிமட்டம் ஒன்று கிடைத்தது.

மாதம் ஒன்று கழிய, கந்தோரிலிருந்து ஒரு கிளாக்கர் வண்டில் நிறைய ரயரோடு வந்து இறங்கினார். சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாம். எங்கள் வகுப்புக்கு எண்ணி ஒன்பது. கையில் என் வடிவான எழுத்து. பெயர்களை வாசித்தார். என் பின்னலைக் கட்டியவள் முதல் ஆளாகப் போய் வாங்கினாள்.

நான் ஓடிப்போய் அழாத குறையாகக் கேட்டேன். "ஐயா, நானும் சைக்கிள்தான்."

அவர் பட்டியலை விரலால் தடவினார். "நீர் கோச்சியிலை வாற பிள்ளையெல்லோ?"

"கோச்சி ஓடுறேல்லை, ஐயா."

"அது எனக்கும் தெரியும் பிள்ளை. ஆனால் எழுத்திலை ஓடுதே."

சேரைப் பார்த்தேன். அவர் மாமரத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் மிச்சம் இருபத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை ரயர் வெடித்தது. அப்பா சொன்ன சொல் மாறவில்லை. மூன்று நாள் வீட்டில் நின்று வெங்காயம் நறுக்காமலே அழுதேன். நாலாம் நாள் காலை படலையில் மணிச் சத்தம் கேட்டது. புது ரயரோடு அவள், என் பின்னலைக் கட்டியவள், நின்றாள். "ஏறடி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று மைலும் வெட்கத்தோடு பின்னால் இருந்தேன். அந்த ரயர் ஓரிடத்திலும் தூக்கிப்போடவில்லை. பள்ளிக்கூட வாசலில் பிரேக் பிடித்தாள்.

"இறங்கு. ஸ்ரேசன் வந்திட்டுது."